அரக்குச் சேலை போட்டோவில் செங்கல் நிறம்: வைட் பேலன்ஸை எதில் வைப்பது?

இளம்பிள்ளைக்காரி எழுதியது:

வணக்கம். சேலம் பக்கத்தில் இளம்பிள்ளை எங்கள் ஊர். வீட்டிலேயே தறி ஓடுகிறது. நெய்கிற சாஃப்ட் சில்க் சேலைகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு விற்பது என் வேலை. இத்தனை நாள் மொபைலில் எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது கேனான் 1500டி வாங்கியிருக்கிறேன். லென்ஸ் கூடவே வந்த 18-55தான்.

படம் பளிச்சென்று இருக்கிறது, நூல் நூலாகத் தெரிகிறது. நிறம்தான் வம்பு பண்ணுகிறது. அரக்கு, செங்கல் போல வருகிறது. கத்தரிப்பூ நிறம் சுத்தமாக நீலமாகிவிடுகிறது. ஒரே சேலையை முழுசாக விரித்து எடுத்தால் ஒரு நிறம், அதன் முந்தியை மட்டும் கிட்டே போய் எடுத்தால் வேறு நிறம். தங்கச் சரிகை சில படங்களில் வெள்ளிச் சரிகை மாதிரி வெளுத்துப்போகிறது. "நிறம் லேசாக மாறலாம்" என்று கீழே எழுதித்தான் போடுகிறேன். அதற்காக, அரக்கு கேட்டவர் வேறு நிறத்தைப் பார்த்து வாங்கிவிட்டுச் சும்மா இருப்பாரா? பார்சல் திரும்பி வருகிறது.

எடுக்கிற இடம் வீட்டு முன்அறை. சுவர் பிஸ்தா பச்சை. மேலே எல்இடி டியூப் இரண்டு, இடது பக்கம் பெரிய ஜன்னல், சேலை அடுக்கியிருக்கும் ஷோகேஸுக்குள் மஞ்சள் பல்ப். வெளிச்சம் நிறைய வேண்டுமே என்று எல்லாவற்றையும் போட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன். வெளிச்சத்துக்குத் தக்கபடி படத்தின் நிறத்தைச் சரிபண்ணும் வைட் பேலன்ஸ் ஆட்டோவில் இருந்தது. அப்புறம் சூரியன், மேகம், வீட்டு நிழல், டியூப்லைட் என்று அந்தக் குட்டிப் படங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். வீட்டு நிழலில் வைத்தால் எல்லாமே மஞ்சள் பூசினாற்போல் வருகிறது. யூடியூபில் வெளிச்சத்தின் சாயலைச் சொல்லும் கெல்வின் எண்ணை 5500ல் வை என்கிறார்கள். என் கேமரா மெனுவில் கெல்வினே கிடையாது. நான் எதில் வைப்பது?


ராமட்டும் எழுதியது:

ராவில் எடுங்க சகோ, அதாவது கேமரா பிடித்ததைத் திருத்தாமல் அப்படியே வைக்கும் ஃபைலில். வைட் பேலன்ஸ் பற்றிக் கவலையே வேண்டாம். ஜேபெக் என்ற சாதாரணப் பட ஃபைலில் எடுத்தால் கேமரா தேர்ந்தெடுத்த நிறம் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். ராவில் அது வெறும் குறிப்புதான், பிறகு கம்ப்யூட்டரில் எதற்கு வேண்டுமானாலும் மாற்றலாம். ஸ்லைடரை நகர்த்தினால் வேலை முடிந்தது.


பழையஸ்டூடியோ எழுதியது:

ராவில் எடுக்கலாம், தப்பே இல்லை. ஆனால் காலையில் ஒரு கட்டுச் சேலை எடுத்து மத்தியானம் குரூப்பில் போட வேண்டியவரை உட்கார்ந்து ஸ்லைடர் நகர்த்தச் சொன்னால் எப்படி? அதுவும் சேலை பார்சலாகிப் போன பிறகு எதைப் பார்த்து நகர்த்துவது? ஞாபகத்தில் இருக்கும் அரக்கு எப்போதும் கொஞ்சம் கூடுதல் சிவப்பாகத்தான் இருக்கும்.

அம்மா, நீங்கள் எதில் வைப்பது என்று கேட்கிறீர்கள். அந்த அறையில் எதில் வைத்தாலும் சரியாக வராது. முதலில் ஷோகேஸ் பல்பை அணையுங்கள். பல்ப் வாங்கிய டப்பா இருந்தால் எடுத்துப் பாருங்கள். மஞ்சள் பல்பில் வார்ம் வைட், 2700 அல்லது 3000 கெல்வின் என்று இருக்கும். டியூபின் டப்பாவில் கூல் டேலைட், 6500 என்று இருக்கும். நேர் வெயில் படாத ஜன்னல் வழியாக வருவது வானத்தின் வெளிச்சம், அது 7000க்கு மேலேயும் போகும். இந்த மூன்றும் ஒரே சேலை மேல் விழுகின்றன. வைட் பேலன்ஸ் என்பது படம் முழுவதற்கும் ஒரே ஒரு அளவு. ஜன்னல் பக்கத்து மடிப்பைச் சரி பண்ணினால் ஷோகேஸ் பக்கத்து மடிப்பு மஞ்சளாகும், அதைச் சரி பண்ணினால் இது நீலமாகும். ஒரு வெளிச்சத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பகலில் ஜன்னல் மட்டும், டியூபையும் அணைத்துவிடுங்கள். இருட்டாகத் தெரிகிறதே என்று பயப்பட வேண்டாம். கேமராவை ஸ்டாண்டில் வைத்தால் ஷட்டர் எவ்வளவு மெதுவாக இருந்தாலும் சேலை ஓடிப்போகாது.

அடுத்தது அந்தப் பிஸ்தா பச்சைச் சுவர். ஜன்னல் வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பும்போது பச்சையாகத் திரும்பும். அரக்கு செங்கல் ஆவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சுவரை இடிக்க வேண்டாம், வெள்ளையும் அடிக்க வேண்டாம். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் இரண்டு தெர்மாகோல் ஷீட்டை நிறுத்தி வையுங்கள். பச்சை சேலையை எட்டாது, நிழல் விழும் பக்கத்துக்கும் வெளிச்சம் கிடைக்கும். வெளியே ஜன்னலை ஒட்டி வேப்பமரமோ, பச்சை நிழல்வலையோ, நீலத் தார்ப்பாயோ இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் நிறமும் உள்ளே வரும்.

இனி ஆட்டோ ஏன் ஏமாற்றுகிறது என்பது. எங்கள் காலத்தில் ஃபிலிமே இரண்டு வகை: வெயிலுக்கு 5500, ஸ்டூடியோ பல்புக்கு 3200. வெயில் ஃபிலிமைப் பல்பில் எடுக்க வேண்டி வந்தால் 80ஏ என்று நீல ஃபில்டர் ஒன்றை லென்ஸில் மாட்டுவோம், வெளிச்சம் இரண்டு ஸ்டாப், அதாவது முக்கால் பங்கு, போய்விடும். அதற்கு மேலும் மிச்சம் இருந்தால் கலர் லேப்காரர் பிரிண்ட் போடும்போது மஞ்சள், மெஜந்தா ஃபில்டரைக் கூட்டிக் குறைத்துச் சமாளிப்பார். இப்போது அவர் வேலையை உங்கள் கேமராவே பார்க்கிறது. அவர் முகத்தைப் பார்ப்பார், சட்டையைப் பார்ப்பார், இது கல்யாண வீட்டுப் படம் என்று புரிந்துகொண்டு போடுவார். கேமராவுக்கு அப்படி ஒன்றும் தெரியாது. படத்தில் இருக்கும் எல்லா நிறத்தையும் கலந்தால் ஏறக்குறைய சாம்பல் வர வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படைக் கணக்கு. புதுக் கேமராக்கள் இன்னும் கெட்டிக்காரத்தனமாகக் கணக்குப் போடுகின்றன, ஆனாலும் வேர் அதுதான். ஃபிரேம் முழுக்க அரக்குச் சேலை நிறைந்திருந்தால், "ஓ, வெளிச்சம் சிவப்பு போலிருக்கிறது" என்று முடிவு பண்ணிச் சிவப்பைக் குறைத்துவிடும். முழுச் சேலையை எடுக்கும்போது சுவரும் தரையும் சேர்ந்து கணக்கை மாற்றுகின்றன, முந்திக்குக் கிட்டே போனால் சரிகை மட்டும்தான் தெரிகிறது. மஞ்சள் அதிகம் என்று நினைத்து நீலத்தைக் கூட்டுகிறது. உங்கள் தங்கச் சரிகை வெள்ளியானது இப்படித்தான்.

வீட்டு நிழலில் வைத்தால் மஞ்சளாவதும் இதே சங்கதிதான். அந்தக் குட்டிப் படத்தைத் தேர்ந்தெடுத்தால், இங்கே வெளிச்சம் நீலமாக இருக்கிறது, சுமார் 7000 கெல்வின் என்று நீங்கள் கேமராவிடம் சொல்கிறீர்கள். அது நீலத்தைத் தணிக்க மஞ்சளைச் சேர்க்கும். வெளிச்சம் உண்மையில் அவ்வளவு நீலமாக இல்லாவிட்டால் சேர்த்த மஞ்சள் அப்படியே படத்தில் நிற்கும். கெல்வின் எண் கூடக்கூடப் படம் ஏன் மஞ்சளாகிறது என்று பலர் குழம்புகிறார்கள். எண் சொல்வது வெளிச்சத்தைப் பற்றி, படத்தைப் பற்றி இல்லை.

உங்களுக்கு வேண்டியது கஸ்டம் வைட் பேலன்ஸ். 1500டியில் கெல்வின் இல்லாவிட்டாலும் இது இருக்கிறது, சேலைக்கு இதுதான் மேல். சேலை விரிக்கும் இடத்தில், அதே வெளிச்சத்தில், ஒரு கிரே கார்டை, அதாவது வேறு நிறச் சாயல் இல்லாத சாம்பல் அட்டையைப் பிடித்து ஃபிரேமின் நடுப்பகுதி நிறையும்படி ஒரு படம் எடுங்கள். கார்டில் ஃபோகஸ் பிடிக்காமல் தவித்தால் லென்ஸை எம்எஃப்பில், கையால் ஃபோகஸ் பண்ணும் நிலையில், போட்டுக்கொள்ளுங்கள், ஃபோகஸ் முக்கியம் இல்லை. படம் ரொம்ப வெளுத்தோ கறுத்தோ இருக்கக் கூடாது. பிறகு மெனுவில் கஸ்டம் வைட் பேலன்ஸ் என்று ஒரு வரி இருக்கும், அதற்குள் போய் அந்தப் படத்தைக் காட்டி செட் கொடுங்கள். இதோடு முடியவில்லை. வைட் பேலன்ஸ் பட்டியலுக்குப் போய்க் கடைசியில் இருக்கும் கஸ்டம் குறியையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பாதிப் பேர் இந்த இரண்டாம் வேலையை விட்டுவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்கிறார்கள். இதற்குப் பிறகு முழுச் சேலை, முந்தி, பார்டர் எதை எடுத்தாலும் நிறம் ஒன்றாகவே இருக்கும். மேகம் மூடினாலோ வெயில் நகர்ந்தாலோ மறுபடி ஒரு தடவை கார்டைப் பிடியுங்கள்.

கார்டு இல்லையென்று ஏ4 தாளைப் பிடிக்க வேண்டாம். தாளை வெள்ளையாகக் காட்ட அதில் ஒரு ரசாயனம் சேர்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக வெளியே விடும். கேமரா அந்த நீலத்தை வெளிச்சத்தின் நீலம் என்று எடுத்துக்கொண்டு மஞ்சளைக் கூட்டும். வெள்ளை வேட்டி அதைவிட மோசம், சோப்புத்தூளிலேயே அந்தச் சரக்கு உண்டு, போதாக்குறைக்கு நாம் சொட்டு நீலம் வேறு போடுகிறோம். அவசரத்துக்கு ஒரு துண்டு தெர்மாகோல் பரவாயில்லை. நாள் முழுக்க இதே தொழில் என்றால் ஒரு கிரே கார்டு வாங்கிவிடுங்கள், பிளாஸ்டிக்கில் கிடைக்கிறது, கை ஈரம் பட்டாலும் கெடாது.

இன்னொன்று. பிக்சர் ஸ்டைல் எதில் இருக்கிறது? ஸ்டாண்டர்டில் இருந்தால் கேமரா நிறத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும். ஃபெய்த்ஃபுல் என்று ஒன்று இருக்கிறது. 5200 கெல்வின் வெளிச்சத்தில் பொருளின் நிறம் உள்ளபடி வருவதற்காகவே கேனான்காரர்கள் வைத்தது. திரையில் சப்பென்று தெரியும், ஆனால் சேலையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கலர் ஸ்பேஸ், அதாவது படத்தில் பதியும் நிறங்களின் வரம்பு, எஸ்ஆர்ஜிபியிலேயே இருக்கட்டும், அடோபி ஆர்ஜிபிக்கு மாற்றினால் வாட்ஸ்அப்பில் போனவுடன் பல போன்களில் மங்கித் தெரியும்.


இளம்பிள்ளைக்காரி எழுதியது:

ஐயா, ரொம்ப நன்றி. தெர்மாகோல் வைத்து, விளக்கெல்லாம் அணைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் கஸ்டமில் எடுத்தேன். கார்டு ஆர்டர் போட்டிருக்கிறேன், அதுவரை தெர்மாகோல் துண்டுதான். அரக்கு அரக்காகவே வந்திருக்கிறது. முந்தியும் உடலும் ஒரே நிறம், சரிகையும் தங்கமாகவே நிற்கிறது. எங்கள் அம்மா திரையைப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் நம்ம சேலை" என்றார்.

மூன்று விஷயம் இன்னும் தீரவில்லை. ஒன்று, மழை நாளிலும் ராத்திரியிலும் டியூபில்தான் எடுத்தாக வேண்டும். டியூபுக்கும் தனியாகக் கஸ்டம் வைத்துப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாகத்தான் வருகிறது, ஆனால் அரக்கும் குங்குமச் சிவப்பும் மட்டும் உயிர் இல்லாமல் காப்பிப்பொடி பக்கம் போகின்றன. பச்சையும் மஞ்சளும் சரியாகவே இருக்கின்றன. அதோடு, வரிசையாக எடுத்தால் ஒரு படம் லேசாக மஞ்சள், அடுத்தது இல்லை. இரண்டு, கத்தரிப்பூ நிறம் ஜன்னலிலும் நீலம்தான். மூன்று, மயில்கழுத்து. அது ஒரு படத்தில் பச்சை, ஒரு படத்தில் நீலம்.


லைட்டிங்தம்பி எழுதியது:

அக்கா, டியூப் கேள்விக்கு நான் சொல்கிறேன், கல்யாண வீடியோவில் தினமும் இதோடுதான் மல்லுக்கட்டு.

வெள்ளை வெள்ளையாக வந்துவிட்டது என்றால் வைட் பேலன்ஸ் தன் வேலையை முடித்துவிட்டது என்று அர்த்தம். சிவப்பு சாவது விளக்கின் கோளாறு. டப்பாவில் இருக்கும் 6500 என்பது வெளிச்சத்தின் மொத்தச் சாயல் மட்டும். அந்த வெளிச்சத்துக்குள் எந்த நிறம் எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லாது. மலிவான எல்இடியில் நீலம் எக்கச்சக்கம், ஆழ்ந்த சிவப்பு ரொம்பக் குறைவு. விளக்கில் இல்லாத சிவப்பைச் சேலை எங்கே இருந்து திருப்பிக் காட்டும்?

விளக்கு நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்று சொல்ல சிஆர்ஐ என்று ஒரு எண் உண்டு, 100 இருந்தால் முழுசு. சாதாரண வீட்டு எல்இடி 80க்குப் பக்கத்தில் இருக்கும். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்த எண்ணை எட்டு மென்மையான நிறங்களின் சராசரியாகத்தான் கணக்கிடுகிறார்கள், அடர் சிவப்பு அந்த எட்டில் கிடையாது. அதற்கு ஆர்9 என்று தனி எண். சிஆர்ஐ 80 உள்ள பல்பில் ஆர்9 பூஜ்யத்துக்குப் பக்கத்தில்கூட இருக்கலாம். பட்டுச் சேலைக் கடைக்கு அந்த ஆர்9தான் உயிர். போட்டோ, வீடியோ லைட் விற்கும் கடையில் சிஆர்ஐ 95க்கு மேல் என்று கேட்டு, ஆர்9 எவ்வளவு என்றும் கேளுங்கள். கடைக்காரர் முழித்தால் வேறு கடை பாருங்கள். பெரிய லைட் வேண்டாம், இரண்டு சின்ன பேனல் போதும். ஆனால் இரண்டும் ஒரே மாடலாக இருக்கட்டும், வேறு வேறு வாங்கினால் மறுபடியும் ஷோகேஸ் பல்ப் கதைதான்.

படத்துக்குப் படம் மாறுவது இன்னொரு சமாச்சாரம். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது. ஷட்டர் 1/200 நொடியைவிட வேகமாகப் போனால் கேமரா அந்தத் துடிப்பில் ஒரு துண்டை மட்டும் பிடிக்கும், ஒவ்வொரு படத்துக்கும் வேறு வேறு துண்டு. 1/100 அல்லது 1/50ல் வையுங்கள், நின்றுவிடும். வைட் பேலன்ஸை அதற்காகத் தொட வேண்டாம்.

அப்புறம், ரீல்ஸ் எடுத்தால் ஆட்டோவை மறந்தும் வைக்காதீர்கள். நீங்கள் முந்தியை விரிக்க விரிக்க நிறம் ஓடிக்கொண்டே இருக்கும். படத்தையாவது திருத்தலாம், நடுவில் நிறம் மாறிய வீடியோவைத் திருத்த உட்கார்ந்தால் விடிந்துவிடும்.


ராமட்டும் எழுதியது:

சரி, ஜேபெக் ஆட்கள் ஜெயித்துவிட்டீர்கள். ஆனாலும் ரா, ஜேபெக் இரண்டும் சேர்ந்து பதிவாகும்படி வைத்துக்கொள்ளுங்கள் சகோ. கார்டு பிடித்து எடுத்த முதல் படமும் ராவில் இருந்தால், சந்தேகம் வரும்போது கம்ப்யூட்டரில் அந்தக் கார்டின் மேல் ஒரு கிளிக் பண்ணி, அதில் வரும் வைட் பேலன்ஸை எல்லாவற்றுக்கும் போட்டுவிடலாம்.


பழையஸ்டூடியோ எழுதியது:

தம்பி சொன்னதும் சரி, ரா தம்பி இப்போது சொல்வதும் சரி. கத்தரிப்பூவுக்கு ராதான் உதவும்.

கத்தரிப்பூ, வயலெட், சில மெஜந்தா, இவை எந்தக் கேமராவிலும் தகராறுதான். கேமராவுக்குள் படத்தைப் பிடிக்கும் சென்சாருக்கு முன்னால் ஒரு கண்ணாடி இருக்கிறது, அகச்சிவப்பு உள்ளே வராமல் வெட்டுவதற்கு. அது ஆழ்ந்த சிவப்பிலும் கொஞ்சம் சேர்த்து வெட்டிவிடும். கத்தரிப்பூ நிறத்தில் நீலத்தோடு கலந்து நிற்கும் சிவப்பு அந்த எல்லையில்தான் இருக்கிறது. அது போய்விட்டால் மிச்சம் நீலம். போதாததற்கு நம் கண் வயலெட்டில் லேசான சிவப்பை உணர்கிறது, சென்சார் அதே அளவு உணர்வதில்லை. இதை வைட் பேலன்ஸால் திருத்தப் போனால் சரிகை ரோஜா நிறமாகும், உடுத்தியிருப்பவர் முகமும் சிவக்கும். அதனால் வைட் பேலன்ஸைச் சரியான இடத்திலேயே விட்டுவிட்டு, அந்த ஒரு நிறத்தை மட்டும் திருப்ப வேண்டும். கேனான் தன் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இலவசமாகத் தரும் டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல் சாஃப்ட்வேரில் நிறம் நிறமாகத் தனித்தனியே திருப்ப வசதி இருக்கிறது. நீலத்தையும் ஊதாவையும் மெஜந்தா பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில், சேலையை மடியில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அதே சாயத்தில் நெய்த மற்ற சேலைகளுக்கும் அந்த அளவு பெரும்பாலும் பொருந்தும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மயில்கழுத்தை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, தறி உங்கள் வீட்டில் இருக்கிறது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். ஒரு கோணத்தில் பாவு மேலே தெரியும், இன்னொரு கோணத்தில் ஊடை. அது பச்சையாகவும் நீலமாகவும் வருவது நிஜம்தான், கேமரா பொய் சொல்லவில்லை. தட்டையாக விரித்து ஒரே படம் போட்டால்தான் சண்டை வரும். கொசுவம் மாதிரி மடிப்பு வைத்து, ஒரு மடிப்பில் பச்சையும் அடுத்த மடிப்பில் நீலமும் தெரியும்படி எடுங்கள். கூடவே வைட் பேலன்ஸைப் பூட்டிவிட்டு, சேலையை ஜன்னலோரம் மெதுவாகத் திருப்பி ஒரு சின்ன வீடியோ போடுங்கள். கடைக்கு வந்து வாங்குகிறவர் கையில் எடுத்தவுடன் அப்படித்தானே திருப்பிப் பார்ப்பார்.

ஒரு படத்திலாவது உங்கள் கை தெரியட்டும், சேலையைப் பிடித்திருப்பது போல. வாங்குகிறவருக்கு அரக்கு எது, மெரூன் எது என்று தெரியாமல் இருக்கலாம். கையின் நிறம் எல்லாருக்கும் தெரியும். கை நீலமாகவோ மஞ்சளாகவோ இருந்தால் படத்தின் மேல் சந்தேகப்படுவார், சேலையின் மேல் இல்லை.


இளம்பிள்ளைக்காரி எழுதியது:

கை யோசனை நன்றாக இருக்கிறது ஐயா. தம்பி, லைட் கடையில் ஆர்9 கேட்டேன், நீங்கள் சொன்ன மாதிரியே முழித்தார். இன்னொரு கடையில் டப்பாவையே எடுத்து நீட்டினார்கள், அதில் அச்சடித்திருந்தது.

இப்போது என் போனிலும் கம்ப்யூட்டரிலும் சரியாகத் தெரிகிறது. அக்கா போனில் பார்த்தால் அதே அரக்கு கொஞ்சம் ஆரஞ்சாக இருக்கிறது. இதற்கும் ஏதாவது செட்டிங் இருக்கிறதா?


லைட்டிங்தம்பி எழுதியது:

அந்த அக்கா போனில் ராத்திரி நேரத்துக்கான கண் பாதுகாப்பு மோட் ஓடிக்கொண்டிருக்கும், திரை முழுக்க மஞ்சளாகும். டிஸ்ப்ளேயை விவிட் என்று வைத்திருந்தாலும் சிவப்பு எகிறும். உங்கள் கேமராவில் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது. அந்த மோட் பல பேர் போனில் இருட்டியதும் தானாகவே விழுந்துவிடும், அதனால் புதுச் சேலைப் படங்களைப் பகலில் குரூப்பில் போடுங்கள் அக்கா. ராத்திரி பார்த்து ஆர்டர் போடுகிறவரிடம், பணம் வாங்குவதற்கு முன்னால் அந்த மோடை அணைத்துவிட்டு ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.